கொம்புமுனையில் ஆளில்லை

ஏழு கடலிலும் கொடி நட்டுக் களைத்துப்போன கப்பல்காரர்கள், இனி வீட்டுக்குப் போகலாம் என்று மனசுக்குள் முடிவெடுத்துவிட்டு, அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த கடைசி வருஷத்தில், பங்குனி மாதத்து ஒரு காலையில், கொம்புமுனைக் கடற்கரையில் பதிந்த காலடிகள் அழியாமல் நின்றன. அலை ஏறியது, இறங்கியது, நுரை வடிந்தது, ஈரமணல் பளபளத்தது, காலடிகள் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. கரைவலை இழுக்க இறங்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, வலை கனக்கிறதே என்று இழுக்கப் போய்விட்டார்கள்.

கொம்புமுனை என்பது தோணிப்பட்டணத்துக்கு வடக்கே கடலுக்குள் மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து கிடக்கும் மணல்திட்டு. பட்டணத்தில் கவர்னர் மாளிகை உண்டு, கோர்ட்டு உண்டு, மாதா கோவில் உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்த இடத்துக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. மதிப்பெல்லாம் கொம்பின் உள்வளைவில் கிடந்த தண்ணீருக்குத்தான். எந்தப் புயலிலும் அசையாத ஆழத்தண்ணீர். எத்தனை பெரிய போர்க்கப்பலும் தொட்டிலில் போட்ட குழந்தையைப் போல் அதில் தூங்கும். அந்தத் தண்ணீருக்காகத்தான் கப்பல்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். அவர்கள் தேசத்தின் பெயர் வாயில் நுழையாது என்பதால் ஊரார் அவர்களைக் கப்பல்காரர்கள் என்றும், அவர்கள் பேச்சைக் கப்பல்பாஷை என்றும் சொன்னார்கள். கொம்பின் மேல், ஓலைக் குடிசைகளில், வலை உலர்த்திக்கொண்டும் கருவாடு காயவைத்துக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் கல்யாணம் கட்டிக்கொண்டும் மீனவர்கள் வாழ்ந்தார்கள். கப்பல்காரர்களின் வரைபடத்தில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது.

அங்கே பிறந்தவள்தான் தெக்கிளா. கன்னியர் மடத்தில் கப்பல்பாஷை படித்து, அந்தப் பாஷையைக் கப்பல்காரர்களே பொறாமைப்படும்படி பேசி, கவர்னர் மாளிகையில் துபாஷியாக, அதாவது இரண்டு வாய்க்கு நடுவே நின்று பேச்சை மாற்றிக் கொடுப்பவளாக, உத்தியோகம் பார்த்தாள். நாற்பது வயது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். வெள்ளைச் சேலை, கறுப்பு சப்பாத்து, நிமிர்ந்த கழுத்து. ஒருவர் சொன்னதை மற்றவருக்கு ஒரு மாத்திரை கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். யார் கோபப்பட்டாலும் அந்தக் கோபம் அவள் வழியாகப் போகும்போது சூடு மாறாமல் போகும், அவள் முகம் மட்டும் குளிர்ந்தே இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

அந்தப் பெருமைதான் அவளையும் அவள் தம்பி சவரிராயனையும் பிரித்தது. கப்பல்காரர்களை வெளியேறச் சொல்லிக் கொடி பிடித்தான் என்று சவரியைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்தியபோது, நீதிபதி கப்பல்பாஷையில் வாசித்த தண்டனையைத் தமிழில் சொன்னது தெக்கிளாதான். குரல் நடுங்காமல் சொன்னாள். ஜெயிலில் இடது கணுக்கால் முறிந்து, காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே வந்தவன், கொம்புமுனைக்குப் போய்விட்டான். அக்காவோடு பேச்சில்லை. அவளும் பட்டணத்துக்கும் கொம்புமுனைக்கும் நடுவிலிருந்த மணல்மேட்டைத் தாண்டவில்லை.

காலடி அழியாத செய்தி பட்டணத்துக்கு வந்து சேர்வதற்குள் கொம்புமுனை அதற்குப் பழகிவிட்டது. முதல் நாள் மட்டும் கொஞ்சம் பரபரப்பு. பங்குச் சாமியார் பட்டணத்திலிருந்து வந்து பார்த்து, இதை ஆயருக்குத் தெரிவித்தால் யாத்திரைத் தலமாக்கிவிடலாம் என்றார். யாத்திரை வந்தால் கருவாட்டை எங்கே காயவைப்பது என்று பெண்கள் கேட்டார்கள். அவர் அதை யோசித்துக்கொண்டே திரும்பிப் போனார். ஏன் இப்படி ஆனது என்று ஆராய யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எப்படி இதோடு குடித்தனம் பண்ணுவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

வலை பின்னப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தினமும் புறப்பட்ட சந்தியாகுவின் காலடிகள் கள்ளுக்கடையில் போய் நின்றன. அவன் பெண்சாதி ரோசலி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் தடத்துக்குப் பக்கத்திலேயே தன் காலடியைப் பதித்துக் கடைவரை போய்த் திரும்பி வந்துவிட்டு, சோற்றைப் போட்டு வைத்தாள். மறுநாள் சந்தியாகு பின்பக்கமாக நடந்து கடைக்குப் போனான். கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது போலத் தெரியும் என்பது அவன் எண்ணம். வீட்டை விட்டே போகாதவன் கடையிலிருந்து எப்படி வந்தான் என்று ஊர் முழுக்கச் சிரித்தது, அவனும் கூடச் சிரித்தான், அதற்குப் பிறகு நேராகவே நடந்தான். வலை காயப்போடும் இடத்துக்காக முகம் பார்க்காமல் கிடந்த இரண்டு வீடுகளின் பிள்ளைகள், ஒரு பெண்ணும் ஒரு பையனும், கவிழ்த்துப் போட்ட தோணிக்குப் பின்னால் சந்தித்து நின்ற தடம் எல்லோர் கண்ணிலும் பட்டது. இனி மறைத்துப் பயனில்லை என்று கல்யாணம் பேசி முடித்தார்கள். காலடி மேல் காலடி விழுந்து மணலில் இடமில்லாமல் போனபோதும் பழையது மறையவில்லை. தெளிந்த தண்ணீருக்குள் அடுக்கடுக்காகக் கற்கள் தெரிவது போல, ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரிந்தது. பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்து தங்கள் போன வாரத்துக் காலைத் தேடினார்கள். கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு ஒரு கட்டு வைத்தார்கள்: அடுத்தவர் காலடியை யாரும் பார்க்கலாம், பார்த்ததை யாரும் சொல்லக்கூடாது. அந்தக் கட்டுக்குப் பிறகு கொம்புமுனை முன்னைவிட மரியாதையான ஊராக மாறியது.

சித்திரையில் இன்னாசியின் தோணி திரும்பவில்லை. அவன் வீட்டிலிருந்து கிளம்பி, வழியில் நின்று பீடி பற்றவைத்து, கடலுக்குள் இறங்கிய தடம் அப்படியே இருந்தது. அவன் மனைவி மரியாள் சில நாள் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர் அந்த ஒரு வரிசையை மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போயிற்று. பிறகு ஒரு காலையில் அவளே மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தடத்தின் பக்கமாக, அவன் கூட நடந்தபோது விட்ட அதே தூரம் விட்டு, நடக்க ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது கவர்னர் மாளிகையில் பேச்சுவார்த்தை நடந்தது. கடலுக்கு அப்பாலிருந்து வால்மோர் என்ற தூதுவர் வந்திருந்தார். நரைத்த மீசை, களைத்த கண், பல தீவுகளைக் கைமாற்றிக் கொடுத்துப் பழகிய கை. பட்டணத்தைச் சுற்றி அப்போதுதான் சுதந்திரம் வாங்கியிருந்த புதிய தேசத்தின் தலைநகரிலிருந்து மகாதேவ ராவ் வந்திருந்தார். தெற்கே கலெக்டராக இருந்தபோது கற்ற தமிழைக் கொஞ்சம் கவனமாகப் பேசுவார். பட்டணத்தை எப்படியாவது சீக்கிரம் வாங்கிவிட வேண்டும் என்று அவரை மேலிடம் நெருக்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் தெக்கிளா உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு அரசாங்கங்களும் உலகத்துக்கு முன்னால் ஒரு வாக்குக் கொடுத்திருந்தன. ஆள் வாழும் எந்த இடத்தையும், அங்கே வாழ்பவர்களின் சம்மதத்தைக் கேட்காமல், வைத்துக்கொள்ளவும் கூடாது, கைமாற்றவும் கூடாது. நல்ல வாக்குதான். அதனால்தான் வால்மோர் ஒரு பிற்பகலில், வரைபடத்தின் வெள்ளையான மூலையில் விரலை வைத்து, சம்மதம் சொல்லிவிட்ட பட்டணத்தை முழுக்கத் தருகிறோம், இந்தத் திட்டை மட்டும் எங்கள் கப்பல்படைக்காக நூறு வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறோம், இங்கே ஆளில்லை என்றார். கவர்னர் தலையாட்டினார்.

தெக்கிளா அதைத் தமிழில் சொல்ல வாயைத் திறந்தாள். "இங்கே ஆளில்லை" என்று சொன்னாள். குரல் வழக்கம் போலத் தெளிவாகத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் நாக்கில் மணல் நெருநெருத்தது. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தாள். உண்மையிலேயே மணல் இருந்தது.

ராவ் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஆளில்லை என்றால் ஆட்சேபம் இல்லை, ஆனால் இரு தரப்பும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றார். பார்த்தால் தெரியத்தானே போகிறது என்று வால்மோரும் ஒப்புக்கொண்டார். அவர்கள் எழுந்து போனதும் கவர்னர் சிப்பாய்களின் தலைவனைக் கூப்பிட்டு, கொம்புமுனையில் காலரா பரவுகிறது, எல்லோரையும் படகில் ஏற்றி ஆற்றோடு மேலே கொண்டுபோய்க் கொட்டகையில் தங்கவைத்து ஊசி போடுங்கள், குடிசைகளைச் சுகாதாரத்துக்காகப் பிரித்துவிடுங்கள் என்று உத்தரவிட்டார். அந்தத் தலைவனுக்குக் கப்பல்பாஷை அரைகுறை. அதனால் அந்த உத்தரவையும் தெக்கிளாதான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் மணல்மேட்டைத் தாண்டினாள். இறங்கும் இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்தாள். சப்பாத்தின் தடம் வரிசையாக வந்திருந்தது. ஒரு அலை ஏறி இறங்கியதும் அது சுத்தமாகப் போய்விட்டது. கப்பல்காரர்களின் பூட்ஸ் தடமும் அப்படித்தான் போகும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்தாள். இந்த முறை திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

சவரிராயன் தோணிக்குக் கீல் பூசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது. அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவளுக்குப் பின்னால் மணலில் இருந்தது. அலை வந்து போகும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தான். பிறகு கவிழ்த்த கூடையொன்றைக் காலால் தள்ளி, உட்காரும்படி காட்டினான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றிக் கூடிவந்து கேட்டுக்கொண்டிருந்த இளவட்டங்கள் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சிப்பாய்களை எதிர்க்கலாம் என்றார்கள். சவரி வேண்டாம் என்றான். துடுப்புக்கும் துப்பாக்கிக்கும் நடக்கும் சண்டை எப்படி முடியும் என்பது அவனுக்குத் தெரியும், இந்த ஊரில் இருக்கிற ஒரு உயிரைக்கூட அதற்குத் தர முடியாது, போகச் சொன்னால் போவோம், திரும்பி வருவோம் என்றான். கூட்டம் கலைந்த பிறகு அக்காவும் தம்பியும் தனியாக இருந்தார்கள்.

"நாளன்னைக்கு அவங்க பாக்க வர்றப்ப நீயும் இருப்பியாக்கா?"

"இருப்பேன்."

"இருந்து? அவங்க சொல்றதைத்தானே சொல்லுவே."

அவன் கீல்சட்டியைக் கிளறிக்கொண்டே, வருஷக்கணக்காக வைத்திருந்ததைக் கேட்டான்.

"கோர்ட்ல அன்னைக்கு உன் குரல் நடுங்கவே இல்லியே. எப்படிக்கா?"

"நான் நடுங்கியிருந்தா நீ பயந்திருப்பேடா" என்றாள் தெக்கிளா.

அவன் எழுந்து காலை இழுத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் சுட்ட மீனும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். முள்ளைத் தானே எடுத்துப் போட்டான், சின்ன வயதில் அவள் அவனுக்கு எடுத்துப் போட்டது போல.

மறுநாள் சிப்பாய்கள் வந்தார்கள். கொம்புமுனைக்காரர்கள் தகராறு செய்யவில்லை. மாதா சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டும், கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டும், குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் படகில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் மட்டும், யாரும் சொல்லிவைக்காமலே, ஒவ்வொருவரும் தாங்கள் தினமும் போகிற இடத்துக்கெல்லாம் ஒருமுறை நடந்து வந்தார்கள். கிணற்றடிக்கு, கருவாட்டுப் பந்தலுக்கு, வலை மேட்டுக்கு, சண்டை போட்ட வீட்டு வாசலுக்கு. திருவிழாக் கூட்டம் போல அந்தச் சின்னத் திட்டு முழுக்க ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்கள். சிப்பாய்கள் அவசரப்படுத்திப் பார்த்துவிட்டு, பிறகு அவர்களும் கொஞ்சம் நடந்தார்கள்.

படகுகள் போன பிறகு குடிசைகளைப் பிரித்து அப்புறப்படுத்தினார்கள். கிணற்றை மூடினார்கள். கடைசியில் காலடிகளிடம் வந்தார்கள். முள்வாரியால் வாரினார்கள், வாரி நிமிர்வதற்குள் திரும்ப இருந்தன. பலகை கட்டி மாடுகளை விட்டு இழுத்தார்கள்; மாட்டின் குளம்படி அழிந்தது, மனுஷர் காலடி நின்றது. கடைசியாக ஆற்றிலிருந்து வண்டி வண்டியாகப் புதுமணல் கொண்டுவந்து கொட்டி, முழங்கால் உயரத்துக்குப் பரப்பிச் சமன்படுத்தினார்கள். அது பலித்தது. பொழுது சாயும்போது கொம்புமுனை, வரைபடத்தில் இருந்தது போலவே, வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை விசைப்படகு கவர்னரையும் தூதுவர்களையும் நிலம் அளப்பவர் ஒருவரையும் தெக்கிளாவையும் கொண்டுவந்து இறக்கியது. காற்று இதமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் மடிப்புக் கலையாத மணல். கவர்னர் கையை விரித்து, பாருங்கள் என்றார். பாருங்கள் என்றாள் தெக்கிளா. வால்மோர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அழகான இடம், பாவம், ஒரு மனிதர்கூட இல்லை என்றார். அதையும் அவள் சொன்னாள். ராவ் கொஞ்சம் முன்னால் நடந்து, பெருமூச்சு விட்டு, சரி என்று தலையசைத்தார். கையெழுத்துப் போட மேஜையைப் படகிலிருந்து இறக்கச் சொன்னார்கள்.

அது கரைவலை இழுக்கிற நேரம்.

தண்ணீர் ஓரத்தில் முதலில் ஒரு பெருவிரல் பதிந்தது. பிறகு குதிகால். பிறகு, ஆளே இல்லாத அந்த மணலில், இரண்டு வரிசையாகக் கால்கள் பதிய ஆரம்பித்தன. கயிற்றைத் தோளில் போட்டுச் சாய்ந்து இழுக்கிறவர்களின் கால்கள் குதிகால் ஆழமாகவும் விரல்கள் விரிந்தும் பதிவது போலவே பதிந்தன. ஒரு அடி பின்னால், நிறுத்தம், ஒரு அடி பின்னால், நிறுத்தம். ஒரு தடமும் இல்லாமல் கிடந்த வலை மேட்டிலிருந்து கூடை சுமந்த பெண்களின் கால்கள் கனமாக இறங்கி வந்தன, மீன் பங்கு போடுகிற இடத்தில் வட்டமாக நின்றன, ஒரு கால் மட்டும் பொறுமையில்லாமல் மண்ணைத் தட்டியது. மூடிய கிணற்றைச் சுற்றி, தண்ணீர் சிந்தாமலே, குடம் சுமந்த கால்களின் தடம். ஒருவர் கள்ளுக்கடை இருந்த இடத்துக்கு நேராக நடந்து போனார். சின்னச் சின்னக் கால்கள் கூட்டமாக ஓடின, விழுந்தன, கைகூடப் பதிந்தது, எழுந்து திரும்ப ஓடின. கொம்புமுனையின் ஒரு முழுக் காலைப்பொழுது, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், அவர்களைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது.

கடலுக்குள்ளிருந்தும் ஒரு காலடி ஏறி வந்தது. பாதி வழியில், பீடி பற்றவைக்கிற நேரம் நின்றது. பிறகு மரியாளின் குடிசை இருந்த இடத்துக்குப் போயிற்று. தெக்கிளா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நண்டுகள் என்றார் கவர்னர். அவர் முகத்தில் வியர்வை. அவளைப் பார்த்து, சொல் என்றார்.

"துரை இதை நண்டு என்கிறார்" என்று தெக்கிளா தமிழில் ராவுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. அவள் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து, அடுத்தவர் சொல்லாத ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து அந்த மனிதர்கள் முன்னால் வந்ததில்லை. இப்போது வந்தது, முதலில் தமிழில், உடனே கப்பல்பாஷையில், இரண்டும் ஒரே குரலில், ஒரே சூட்டில். "இடது காலை இழுத்துப் போட்டு வரிசையில் முதலாவதாக நிற்பது சவரிராயன், என் தம்பி. உங்கள் ஜெயிலில்தான் அந்தக் கால் முறிந்தது. கள்ளுக்கடைக்கு நேராக நடந்து போனவன் சந்தியாகு. அதோ, காலைத் தட்டுவது அவன் பெண்சாதி ரோசலி, அவளுக்குப் பங்கு குறைந்தால் பிடிக்காது. நேற்று இவர்களையெல்லாம் படகில் ஏற்றினார்கள். ஏற்றச் சொன்ன உத்தரவை என் வாயால்தான் சொன்னேன்."

"உன்னை மொழிபெயர்க்கத்தான் வைத்திருக்கிறது" என்றார் கவர்னர்.

"அதைத்தான் செய்கிறேன், துரை" என்றாள் தெக்கிளா, மணலைக் காட்டி. "இன்றைக்கு இவர்கள் பேசுகிறார்கள்."

வால்மோர் கோபப்படவில்லை. அவர் பழைய ஆள், இதைவிட விசித்திரங்களைப் பல தீவுகளில் பார்த்திருந்தார். கால் வேறு, மனிதர் வேறு, கூப்பிட்டால் ஏன் என்று கேட்பவர்தான் குடிமகன், மணலில் விழும் குழியைக் குடிமகன் என்று எந்தச் சட்டமும் சொல்லாது என்று நிதானமாகச் சொன்னார். தெக்கிளா அதை ஒரு மாத்திரை குறையாமல் ராவுக்குச் சொன்னாள். நல்ல வாதம்தான். ராவ் தாடையைத் தடவினார். பட்டணம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, தலைநகரம் பதிலுக்குக் காத்திருந்தது, மேஜை மேல் பேனா இருந்தது. அவர் கண்கள் மேஜைப் பக்கம் போவதைத் தெக்கிளா பார்த்தாள்.

அப்போது பிள்ளைகளின் காலடிகள் கூட்டமாகத் திரும்பி, வால்மோர் நின்ற பக்கமாக ஓடி வந்தன. வால்மோர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார். காலடிகள் அவர் நின்ற இடத்தைத் தாண்டி ஓடிப்போயின. அவர் தன்னையறியாமல் தொப்பியில்கூடக் கை வைத்திருந்தார்.

தெக்கிளா அவரிடம் மரியாதையாகக் கேட்டாள். "ஐயா, இப்போது யாருக்கு வழி விட்டீர்கள்?"

கேட்டுவிட்டு அதைத் தமிழிலும் சொன்னாள்.

வால்மோர் தான் நின்ற இடத்தையும் நிற்கிற இடத்தையும் பார்த்தார். ராவ் நிமிர்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், வேட்டி கட்டிப் பழகியவர் போல காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். இந்த இடத்தில் ஆள் வாழ்கிறார்கள் என்று என் அரசாங்கம் கருதுகிறது, ஆகவே இரண்டு அரசும் கொடுத்த வாக்குப்படி இவர்களைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்பதற்கு வசதியாக இவர்களுடைய மற்ற பாகங்களையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். தெக்கிளா அதைக் கப்பல்பாஷையில் சொன்னபோது குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் படகுகள் திரும்பிவிட்டன. கோழிகள் முதலில் இறங்கின. சிப்பாய்களே கிணற்றைத் தோண்டித் திறந்தார்கள், பிரித்த ஓலைகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வாக்கெடுப்பு நடந்தது. கப்பல்காரர்களோடு இருக்க விரும்புகிறவர்கள் கடல் பக்கமும், பட்டணத்தோடு சேர விரும்புகிறவர்கள் மணல்மேட்டுப் பக்கமும் போய் நிற்கும்படி கேட்டார்கள். ஊர் முழுக்க மணல்மேட்டுப் பக்கம் போய் நின்றது. சந்தியாகு மட்டும் நடுவில் நின்று யோசித்தான். கடல் பக்கம்தான் கள்ளுக்கடை இருந்தது. ரோசலி அவனைப் பார்த்தாள். அவனும் வந்துவிட்டான்.

கொடி இறங்கியது, கொடி ஏறியது. வால்மோர் கப்பலேறும்போது தெக்கிளாவைத் தேடி வந்து கைகுலுக்கினார். ராவ் தலைநகரத்தில் பெரிய உத்தியோகம் இருக்கிறது என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு, சவரியின் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். முதல் தேர்தலில் கொம்புமுனைக்காரர்கள் அவளையே பட்டணத்து சபைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே பாஷையில் பேசுவது அவளுக்குக் கொஞ்ச நாள் சோம்பேறித்தனமாக இருந்தது.

காலடிகள் எந்த நாளில் பழையபடி அழிய ஆரம்பித்தன என்று யாரும் கவனிக்கவில்லை. வலை இழுத்துத் திரும்பிய யாரோ, அலை சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்ததைப் பார்த்து, பரவாயில்லையே என்று சொன்னதாகப் பேச்சு. மரியாள் மட்டும், இன்னாசியின் தடம் இருந்த இடத்தைப் பார்த்து, கொஞ்சம் அழுதாள். பிறகு மீன்கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

இரண்டு மழைக்காலம் கழித்து, புதிய தேசத்தின் கப்பல்படையிலிருந்து ஒரு இளம் அதிகாரி வந்தார். நல்ல பிள்ளை. வெள்ளை உடுப்பு, கையில் சுருட்டிய வரைபடம். உள்வளைவுத் தண்ணீரை நெடுநேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, தெக்கிளாவிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: தேசத்துக்கு இந்தத் துறை அவசியம், குடியிருப்பை வேறு பக்கம் மாற்ற முடியுமா என்று மேலிடம் யோசிக்கிறது, தவிர எங்கள் வரைபடத்தில் இங்கே குடியிருப்பு என்று ஒன்றும் குறித்திருக்கவில்லை. பிறகு மணலைப் பார்த்தார். அந்தப் பழைய கதையை அவரும் கேட்டிருந்தார் போலிருக்கிறது. அலை ஏறி இறங்கியது, மணல் துடைத்த கண்ணாடி மாதிரி கிடந்தது.

"இங்கே காலடி அழியாது என்று சொன்னார்களே, அம்மா. எல்லாம் அழிந்துவிட்டதே."

"அழியட்டும் தம்பி" என்றாள் தெக்கிளா. "அன்னைக்கு நாங்க இல்ல, அதனால அது வேலை பார்த்துச்சு. இப்ப நாங்கதான் இருக்கோமே. நிமிந்து பாருங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வலையை விட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கொம்புமுனை முழுக்க வந்து நின்றது. யாரும் கத்தவில்லை, யாரும் கையில் துடுப்பு வைத்திருக்கவில்லை. என்ன விஷயமென்று கேட்கிற முகத்தோடு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவரவர் நிற்கிற இடத்தில் நின்றார்கள்.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. வரைபடத்தைத் தோணி மேல் வைத்துவிட்டு, முன்னால் நின்றவரிடம் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்டான். சவரிராயன் என்றார் அவர். அடுத்தவரைக் கேட்டான். அடுத்தவரும் சொன்னார். ஒருவரைக் கேட்டுவிட்டு மற்றவரை விட முடியவில்லை. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், நேற்றுப் பிறந்து இன்னும் பெயர் வைக்காத ஒன்று, எல்லோரையும் கேட்டு முடிப்பதற்குள் வெயில் சாய்ந்து, கடல் ஏறி, தோணியின் மேலிருந்த வரைபடத்தை அலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதை யாரும் தேடவில்லை. ரோசலி அவனுக்கு மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.